சுவரில் தொங்கும் வரலாறு



வரலாறு என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது பாடநூல். அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளும் அதில் நிரம்பியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாடநூலைக் கையில் ஏந்தி வகுப்பறையில் நின்றவன் நான். ஆகையால் அதனைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும், வரலாறு பாடநூலில் மட்டும் இல்லை, நம் வீட்டுக் கூடத்துச் சுவரிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை ஐம்பது வயதைக் கடந்த பிறகே நான் அறிந்தேன். அறிந்த விதத்தை உங்களுக்குச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பாகூர் ஏரியின் நீர் பாயும் சிற்றூர் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. அவ்வீட்டுக் கூடத்தில், நான் கண் திறந்து பார்த்த நாள் முதல் ஒரு புகைப்படம் தொங்கியது. என் பாட்டனார் கோட்டு அணிந்து நாற்காலியில் அமர்ந்திருப்பார். பாட்டியார் அவர் பக்கத்தில் நின்று, எங்கோ தொலைவில் நோக்கியவண்ணம் இருப்பார். பொங்கலுக்கும் திதி நாளுக்கும் அப்படத்துக்கு மாலை சார்த்தி விழுந்து வணங்குவோம். பாட்டனாரை நான் நேரில் கண்டதில்லை. எனக்குப் பாட்டனார் என்றால் அந்தப் படமே.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பாகூர்ப் பக்கத்தில் மரங்கள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து படமும் விழுந்து கண்ணாடி நொறுங்கிற்று. புதிய கண்ணாடி போடுவதற்காகச் சட்டத்தைக் கழற்றினேன். பின்புறத்து அட்டையை எடுத்தவுடன் திகைத்துப் போனேன். அது ஒரு படம் அன்று, இரண்டு படங்கள்! கத்தரியால் வெட்டி ஓர் அட்டையில் ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாதபடி மெல்லிய தூரிகையால் மை பூசியிருந்தார்கள். பாட்டனாரின் முகத்தில் ஒளி வலப்புறமிருந்து விழுந்தது. பாட்டியாரின் முகத்தில் இடப்புறமிருந்து விழுந்தது. ஐம்பது ஆண்டுகள் நாள்தோறும் பார்த்த கண்ணுக்கு அந்த வேறுபாடு ஒருமுறையும் புலப்படவில்லை.

உண்மையைச் சொல்கிறேன்: அன்று எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. வரலாற்று ஆசிரியனான நான் ஒரு போலி ஆவணத்தையா இத்தனை காலம் வணங்கினேன் என்று எண்ணினேன். எண்பது வயதைக் கடந்திருந்த என் அத்தையிடம் அதனை எடுத்துச் சென்றேன். அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு கதையைச் சொன்னார்.

அக்கதை விளங்க வேண்டுமானால் நம் நாட்டின் கதை சிறிது தெரிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் பிரெஞ்சுக்காரர் சைகோன் நகரைச் சூழ்ந்த கொச்சின்சீனாவைக் கைப்பற்றினர். அங்கே ஆட்சி நடத்த எழுத்தரும் காவலரும் வரி தண்டுவோரும் வேண்டியிருந்தனர். பிரெஞ்சு மொழி அறிந்த புதுவை, காரைக்கால் மக்கள் கப்பலேறினர். படையில் சேர்ந்தவரும் பலர். அவர்களைச் ‘சொல்தா’ என்று இன்றும் நம் ஊரார் கூறுவர். 1881இல் வந்த ஓர் ஆணையின்படி, தம் சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டனர். இவ்வாறாக, நாற்று நடும் ஊரிலிருந்து புறப்பட்டவன் மீக்கோங் ஆற்றங்கரையில் அலுவலகம் பார்த்தான். அவன் மனைவி ஊரிலிருந்து கடிதத்துக்குக் காத்திருந்தாள்.

என் பாட்டனார் 1930களில் சைகோனுக்கு எழுத்தராகச் சென்றவர். அங்கே ஒரு ஸ்டூடியோவில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார். அதைக் கண்ட பாட்டியாரும் புதுவை நகரத்துக்கு மாட்டு வண்டியில் சென்று படம் பிடித்து அனுப்பினார். ஒரு படி வீட்டில் நின்றது. 1945 மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் இந்தோசீனத்தின் ஆட்சியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்துக்கொண்டனர். கடிதம் நின்றது. போர் முடிந்தபின் வந்தது இறப்புச் செய்தி. பாட்டியார் அழுது ஓய்ந்த பின் இரண்டு படங்களையும் முந்தானையில் முடிந்துகொண்டு அதே ஸ்டூடியோவுக்குப் போனாராம். “இரண்டு பேரையும் ஒண்ணா நிறுத்திக் கொடு” என்றாராம். கடலைக் கடந்து ஒருவருக்கொருவர் அனுப்பிய படங்கள் பசையினால் ஒன்று சேர்ந்தன.

“போலி என்கிறாயே தம்பி, உன் பாட்டி சேர்த்து வைத்த குடும்பமடா இது!” என்றார் அத்தை. நான் தலைகுனிந்தேன். இருவரும் ஒன்றாக நின்றனர் என்பதற்கு அப்படம் சான்று ஆகாது. ஆனால் ஒன்றாக நிற்க இயலாமற் போனதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. அந்தச் சான்று படத்தின் முகப்பில் இல்லை. ஒட்டிய விளிம்பில் இருந்தது.

அன்று முதல் படங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் பாரிசு நகரத்தில் தாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் படம் பிடிக்க விரும்பினார். அந்நாளைய படப்பெட்டிக்கு அவ்வளவு நீளத்தை ஒருங்கே காணும் ஆற்றல் இல்லை. அவர் என்ன செய்தார்? சிறிது சிறிதாகப் படம் பிடித்து, இருபத்தொரு படிகளை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். கல்லில் வெட்டிய சோழர் வரலாறு காகிதத்தில் ஒட்டிய வரலாறாயிற்று. ஒட்டுவது ஏமாற்றுவதற்கே என்று எண்ணுவது பிழை என்பதை டிரைப் எனக்குக் கற்பித்தார்.

துண்டுகளை ஒட்டிப் படம் ஆக்கும் கலைக்குக் ‘கொலாஜ்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் ‘கொலே’ என்றால் ஒட்டுதல். அதிலிருந்து வந்த சொல் அது. நாம் ஒட்டுப்படம் என்று கூறலாம். 1912ஆம் ஆண்டில் பிக்காசோவும் பிராக்கும் செய்தித்தாளையும் வண்ணத் தாளையும் வெட்டி ஓவியத்தில் ஒட்டினர். முதல் உலகப் போர் முடிந்தபின், பெர்லினில் ஹன்னா ஹோக் என்ற பெண்மணி இதழ்களில் வந்த தலைவர் தலைகளையும் இயந்திரச் சக்கரங்களையும் வெட்டி ஒட்டி, சிதைந்து கிடந்த தம் நாட்டின் நிலையைக் காட்டினார். நாடு உடைந்தபோது படமும் உடைந்த துண்டுகளாலேயே அமைந்தது. அவர் ஒட்டிய இடங்களை மறைக்கவில்லை என்பதை உற்று நோக்குங்கள்.

மறைத்தவர்களும் உண்டு. 1871இல் பாரிசு மக்கள் ‘கொம்யூன்’ என்னும் ஆட்சியை அமைத்தனர். ஊராட்சிப் பகுதியைக் குறிக்க நாம் வழங்கும் கொம்யூன் என்ற அதே சொல்தான். அது மே மாதத்தில் குருதி வெள்ளத்தில் அடக்கப்பட்டது. பிறகு ஆப்பெர் என்ற புகைப்படக்காரர், கூலிக்கு அமர்த்திய நடிகர்களை நிறுத்திப் படம் பிடித்து, அவர்கள் உடல்களின் மேல் சிறையிலிருந்தோரின் முகங்களை ஒட்டி, ‘கொம்யூனின் குற்றங்கள்’ என்ற தலைப்பில் விற்றார். பார்த்தவர் பலர் நேரில் கண்ட காட்சி என்றே கருதினர். என் பாட்டியாரின் படத்திலும் ஒட்டிய இடம் மறைக்கப்பட்டது. ஆப்பெரின் படத்திலும் மறைக்கப்பட்டது. முன்னது அன்பினால், பின்னது பகையினால். எனினும் இரண்டிலும் மறைத்த இடத்தைத் தேடிக் கண்டவனே உண்மையைக் கண்டவன் ஆவான்.

நம் காலத்துக் கலைஞர்களும் இந்த வழியில் முயன்றுள்ளனர். ஓவியர் அமிர்தா ஷேர்கிலின் தந்தையார் உம்ராவ் சிங் ஒரு தேர்ந்த புகைப்படக்காரர். அவர் தம் குடும்பத்தாரைப் பிடித்த பழைய படங்களை, அவருடைய மகள் வயிற்றுப் பேரனாகிய விவான் சுந்தரம் 2001ஆம் ஆண்டு முதல் கணிப்பொறியின் துணையால் இணைத்தார். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஊர்களில் இருந்தவர்கள் ஒரே அறையில் தோன்றினர். இறந்தவர்களை வைத்துப் பேரன் கேட்ட கேள்விகள் அவை. பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என்பவரோ, வெள்ளையர் நம் நாட்டு மக்களை அளவுகோலுக்கு முன் நிறுத்திப் பிடித்த படங்களைப் போலவே தம்மை நிறுத்திப் படம் எடுத்தார். யார் யாரைப் பார்த்தார், யார் யாரை அளந்தார் என்று அப்படங்கள் நம்மைக் கேட்கின்றன.

இனி வில்லியனூருக்கு வருவோம். அக்கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், 1954 அக்டோபர் 18ஆம் நாள் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சட்டமன்ற உறுப்பினரும் நகர்மன்ற உறுப்பினருமாக 178 பேர் வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர், எண்மர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் கொடியேற்றுகிறோம்.

2014ஆம் ஆண்டு, வாக்கெடுப்பின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்காக, நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு சுவர் முழுதும் ஒட்டுப்படம் அமைப்பதென்று முடிவு செய்தோம். ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பழைய படத்தின் படி ஒன்றைக் கொண்டு வரவேண்டும். பிள்ளைகள் ஆர்வத்தோடு கொண்டு வந்தனர். பதக்கம் குத்திய சொல்தா ஒருவர். மணக்கோலத்தில் விறைத்து நிற்கும் இணையர். திருக்காமீசுவரர் கோயில் தேரின் முன் கூட்டம். லூர்து மாதா கோயில் திருவிழா. ஒரே படத்தின் இரண்டு படிகளை இரண்டு மாணவர்கள் கொண்டு வந்தனர். விசாரித்தால், அவர்கள் பாட்டனார்கள் உடன்பிறந்தார். 1962 ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையை நிலைநிறுத்திக்கொள்ள ஆறு மாதத் தவணை இருந்தது. ஒருவர் பிரெஞ்சுக்காரராகவே நின்றார், மற்றவர் இந்தியரானார். படத்தில் இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கின்றனர். குடியுரிமை எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு வந்தாள். “ஐயா, எங்கள் வீட்டில் பழைய படம் ஒன்றும் இல்லை” என்றாள். வேலை மிகுதியில் நான், “அதனால் என்ன, பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கி வா” என்று கூறிவிட்டேன். அவள் முகம் வாடியது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிறர் குடும்பத்தைத் தன் குடும்பம் என்று ஒட்டும்படி ஒரு குழந்தைக்குச் சொன்னேனே! ஆப்பெர் செய்ததற்கும் நான் சொன்னதற்கும் என்ன வேறுபாடு? மறுநாள் அவளை அழைத்து, “நான் சொன்னது தவறு அம்மா. உன் பாட்டியாரைப் பற்றி வீட்டில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டு வா” என்றேன்.

அவள் ஒரு பழைய கடன் சீட்டைக் கொண்டு வந்தாள். அதன் அடியில் பாட்டியாரின் கைநாட்டு இருந்தது. நிலமில்லாத கூலிக் குடும்பம். ஸ்டூடியோவின் படியை அவர்கள் மிதித்ததில்லை. நான் அந்த மூதாட்டியைக் காணச் சென்றேன். 1954இல் அவருக்குப் பதினைந்து வயது இருக்கலாம். வாக்கெடுப்பு நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “நடவுல இருந்தோம் வாத்தியாரையா. வெள்ளக்காரன் போறானாம்னு பேசிக்கிட்டாங்க. கூலி ஏறுமான்னு கேட்டோம். ஒருத்தரும் பதில் சொல்லல” என்றார்.

மாணவர்களே, முப்பது ஆண்டுகளாக 170, 8 என்ற எண்களைக் கரும்பலகையில் எழுதி வந்தவன் நான். அந்த எண்களில் ஐயமில்லை. தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த 178 பேருக்கு வெளியே, முழங்கால் அளவு சேற்றில் நின்று கேட்கப்பட்ட ஒரு கேள்வி இருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சுவரின் நடுவில் ஒரு சட்டத்தைப் பொருத்தினோம். அதில் முகம் இல்லை, வெற்றிடம். அடியில் கைநாட்டின் படியையும், அவர் கூறிய நான்கு வாக்கியங்களையும் ஒட்டினோம். விழா நாளில் மூதாட்டி வந்தார். கட்டை விரலை அந்தக் கைநாட்டின் அருகே வைத்துப் பார்த்து, “ரேகை தேஞ்சிபோச்சு” என்று மட்டும் சொன்னார். விழாவுக்கு வந்தவர்கள் அந்த வெற்றுச் சட்டத்தின் முன்னேதான் அதிக நேரம் நின்றார்கள்.

பழைய ஆவணங்களின் இயல்பும் இத்தகையதே. பாகூர்ச் செப்பேடுகளைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், வாகூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியை அவை கூறும். வடமொழியில் ஒரு பகுதி, தமிழில் ஒரு பகுதி. இரு மொழிகளையும் ஒன்றாகப் பொருத்திய ஆவணம் அது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் கல்லூரி இருந்தது என்பது நமக்குப் பெருமை. எனினும் அரசர் மரபையும் கொடையின் எல்லையையும் உரைக்க எழுந்தது செப்பேடு. அந்த நிலத்தில் நாற்று நட்டவள் என்ன கேட்டாள் என்று எழுதுவது அதன் வேலை அன்று. செப்பேட்டுக்கு வெளியே உள்ள வெற்றிடத்தையும் காண்பது வரலாற்று மாணவரின் கடமை.

இப்பணிக்குத் துணை செய்யும் நிறுவனங்கள் நம்மிடம் உண்டு. 1955இல் புதுவையில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் படம் பிடித்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களைச் சேர்த்துள்ளது. அந்நிறுவனத்து ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் தேடிப் படியெடுத்தனர். கடைகள் மூடப்படும்போது கண்ணாடித் தகடுகள் பழைய சாமான் கடைக்குப் போய்விடும். கோயில் சிற்பத்தைப் போலவே குடும்பப் படமும் காக்கத்தக்கது என்று அறிஞர் உணர்ந்தது நற்பேறு.

நீங்களும் இதனைச் செய்யலாம்; பெரும்பொருள் வேண்டியதில்லை. வீட்டுப் படத்தைக் கீழே இறக்குங்கள். அதன் பின்புறத்தைப் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரையோ ஆண்டோ இருக்கலாம். யார் எடுத்தார், யாருக்காக எடுத்தார், அருகில் இருந்தும் படத்தில் வராதவர் யார் என்று வீட்டிலுள்ள முதியவரைக் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே தேதியிட்டு எழுதுங்கள். பிறகு படியெடுத்த படத்தையும் எழுத்தையும் ரசீதையும் கடிதத்தையும் ஓர் அட்டையில் ஒட்டுங்கள். மூலப்படத்தில் கத்தரி வைக்காதீர்கள். ஒட்டிய விளிம்பை மறைக்காதீர்கள். எது எங்கிருந்து வந்தது என்பதை அடியில் குறியுங்கள். படம் கிடைக்காதவருக்கு இடம் விட்டு வையுங்கள். அந்த இடத்தை வேறொருவர் முகத்தால் நிரப்பாதீர்கள்.

இவ்வெச்சரிக்கை இன்று பன்மடங்கு தேவை. அக்காலத்தில் இரண்டு முகங்களைச் சேர்க்க ஸ்டூடியோக்காரருக்குக் கத்தரியும் பசையும் கைத்திறனும் வேண்டியிருந்தன. இன்றோ கணிப்பொறி, எவரும் நில்லாத இடத்தில் எவரையும் நிறுத்திவிடுகிறது. ஒட்டிய விளிம்பு கண்ணுக்கும் தெரிவதில்லை. படம் பார்த்தேன், ஆகவே நம்புகிறேன் என்பவன் எளிதில் ஏமாறுவான். படங்கள் எல்லாம் பொய் என்பவனோ தன் பாட்டியையும் இழப்பான். இரண்டு பிழைகளும் நமக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டுப் படத்துக்குப் புதிய கண்ணாடி போட்டாயிற்று. ஒட்டிய இடத்தில் மை சிறிது உரிந்திருக்கிறது. அதை மீண்டும் பூச வேண்டாம் என்று கடைக்காரரிடம் கூறிவிட்டேன். என் பேரப்பிள்ளைகள் அந்தக் கோட்டைக் காட்டி, “இது என்ன தாத்தா?” என்று கேட்கிறார்கள். “இது கடல்” என்று தொடங்கி, கதையைச் சொல்கிறேன்.